தகப்பன் பெயருக்கான கட்டம்

"அம்மா, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டேங்கறாங்க."

அவள் போன் செய்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகள் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவள். கல்லூரி முடித்து ஒரு கடையில் கணக்கு எழுதப் போனாள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன், அவள் வயிற்றில் ஐந்தாம் மாதம் என்று தெரிந்ததும் போன் எண்ணை மாற்றிக்கொண்டான். அவள் பிள்ளையைப் பெற்றுக்கொண்டாள். பெண் குழந்தை. அப்போது நான்கு மாதம்.

பங்கு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத் தாள் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், திருமணம் நடந்த கோயில், திருமணத் தேதி, அன்பியம், சந்தா அட்டை எண். தகப்பன் பெயருக்கான கட்டத்தையும் அதற்குக் கீழே இருந்த இரண்டு கட்டங்களையும் அவள் காலியாக விட்டுக் கொடுத்தாள். "இதை நிரப்பிட்டு வாம்மா" என்றார் எழுத்தர். நிரப்ப ஒன்றுமில்லை என்றாள். "அப்போ சாமியாரைப் பாரு" என்றார். பங்குத்தந்தை "பேரவையில் பேசிச் சொல்கிறேன்" என்றார். பேரவையில் யாரோ "நாளைக்கு எல்லாப் பொண்ணுங்களும் இப்படிக் கிளம்பினா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு ஏழு மாதம் ஓடிப்போயிற்று.

அது எந்தப் பங்கு என்று நான் எழுதப்போவதில்லை. வடசென்னையில் ஒரு பங்கு. பெயரைச் சொன்னால் அது அந்த ஒரு கோயிலின் குறையாகிவிடும். மற்ற கோயில்களெல்லாம் நிம்மதியாக மூச்சு விடும். நான் குடியிருக்கும் மணலி புதுநகரிலிருந்து இராயப்பர் பெயரால் அழைக்கப்படும் இராயபுரம் வரைக்கும் எந்தப் பங்குப் பெண்ணிடம் வேண்டுமானாலும் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஆச்சரியப்படமாட்டார்கள். "எங்க பக்கத்துலயும் ஒருத்தி இருந்தா" என்று ஆரம்பிப்பார்கள்.

கடைசியில் திருமுழுக்கு நடந்தது. வேறொரு சாமியார் வந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொடுத்தார். கோயிலில் ஆறு பேர் இருந்தோம். பாட்டு இல்லை. மணி அடிக்கவில்லை. பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய், அதே வழியாக வெளியே வந்தோம். நான்தான் ஞானத்தாய். குழந்தை அழவேயில்லை. அவள்தான் அழுதாள்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் கேட்டாள்: "சமூகத்துல சேத்துக்கறதுதானே ஞானஸ்நானம்? ஏம்மா சமூகமே இல்லாத நேரமாப் பாத்துக் குடுத்தாங்க?"

நான் முனைவர் பட்டம் வாங்கியவள். இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்பவள். ஆட்டோவில் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

*

முதலில், திருமுழுக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இதைச் சாமியார்கள் மட்டுமே சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டோம். நாமே ஒருமுறை சொல்லிப் பார்ப்பது நல்லது.

கத்தோலிக்கத் திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழு. அவற்றில் ஒன்றான குருத்துவம் பெண்ணுக்குக் கிடையாது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின் 1024ஆம் பிரிவு, திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே அதைச் செல்லத்தக்க முறையில் பெற முடியும் என்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் வாசலான திருமுழுக்கில் இந்தப் பாகுபாடு எதுவுமில்லை. ஆண் குழந்தைக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் பெண் குழந்தைக்கும் ஊற்றுகிறார்கள். அதே மூன்று முறை. அதே வாய்பாடு. அதே வெள்ளை ஆடை. பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய அதே வெளிச்சம். உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் பூசும்போது, குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் உடலில் நீ ஓர் உறுப்பு என்ற பொருளில் சொல்கிறார்களே, அதைப் பெண் குழந்தையிடமும்தான் சொல்கிறார்கள். யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றுவதில்லை.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல், திருமுழுக்குப் பெற்றவர்களிடையே யூதர் கிரேக்கர், அடிமை உரிமைக்குடிமகன், ஆண் பெண் என்ற வேறுபாடு நிற்காது என்று வாதிடுகிறார். யூத ஆண் குழந்தைக்கு மட்டுமே உரியதாக இருந்தது விருத்தசேதனம். அதன் இடத்தில், பெண்ணின் உடலும் பெறக்கூடிய ஓர் அடையாளத்தை ஆதித் திருச்சபை வைத்தது. ஆணுடலில் போட்ட குறியிலிருந்து எந்த உடலும் நனையக்கூடிய தண்ணீருக்கு நகர்ந்தது எவ்வளவு பெரிய நகர்வு என்று நம் மறைக்கல்வி வகுப்பில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 208ஆம் பிரிவின்படி, கிறிஸ்துவில் புதுப்பிறப்பு அடைந்ததால் நம்பிக்கையாளர் எல்லோரிடையேயும் மாண்பிலும் செயலிலும் உண்மையான சமத்துவம் நிலவுகிறது. 'மாண்பில்' என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்ளவில்லை. 'செயலிலும்' என்கிறது. பிரசங்கங்களில் இரண்டாவது சொல் மெல்ல உதிர்ந்துவிடும். பெண்ணின் மாண்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். மரியன்னை வருவார், அன்னை தெரசா வருவார், வீட்டின் விளக்கு வரும். பெண்ணின் செயலைப் பற்றி, அதாவது அவள் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எதை முடிவு செய்யலாம் என்பதைப் பற்றி, அரை நிமிடம்கூடக் கிடையாது.

*

பெண்கள் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் மருத்துவச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளை பிறந்ததும் மூச்சு சரியில்லை என்றால், தொப்புள்கொடியைக் கவனிக்கிற அதே கையால் செம்பிலிருந்து தண்ணீரை எடுத்து மூன்று முறை தலையில் விட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் பெயரிட்டுவிடுவார். பெண்ணென்றால் மரியாள், ஆணென்றால் சூசை. அரை மணி நேரமே இருக்கப்போகிற பிள்ளைக்கும் பெயர் வேண்டும் என்பார். அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் சாகும்வரை நினைவில் வைத்திருந்தார்.

ஆச்சி செய்தது ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1439இல் புளோரன்ஸ் பொதுச்சங்கத்தின் ஆணையே, அவசர வேளையில் பொதுநிலை ஆண் மட்டுமல்ல, பெண்ணும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. இன்றைய சட்டத்தின் 861ஆம் பிரிவும், சரியான நோக்கமுள்ள எவரும் அவசரத்தில் கொடுக்கலாம் என்கிறது. இந்த இடத்துக்கு எளிதில் வந்துவிடவில்லை. சுமார் 200ஆம் ஆண்டிலேயே தெர்த்துல்லியன், தெக்லாவின் கதையைக் காட்டிப் பெண்கள் போதிக்கவும் திருமுழுக்குக் கொடுக்கவும் உரிமை கேட்பதை எதிர்த்து எழுதினார். எதிர்த்து எழுத வேண்டியிருந்தது என்றால் கேட்ட பெண்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

சாவு வாசலில் நிற்கும்போது பெண்ணின் கை போதும். அவள் கொடுத்தது முழுமையான திருமுழுக்கு. பிழைத்த பிள்ளைக்கு மறுபடி கொடுக்கக்கூடாது. பிள்ளை பிழைத்து, ஞாயிற்றுக்கிழமை வந்து, பந்தல் போட்டு, கேக் வாங்கி, புகைப்படக்காரர் வந்துவிட்டால் மட்டும் அந்தக் கை கோயில் கூட்டப் போய்விட வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்தப் பக்கம் போனபோது ஊர்க்கோயிலின் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆச்சி கொடுத்த திருமுழுக்குகளைத் தேடினேன். கிடைத்தன. கொடுத்தவர் என்ற இடத்தில் 'மருத்துவச்சி' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. மற்ற வரிகளிலெல்லாம் சாமியார்களின் பெயர்கள் அழகான கையெழுத்தில் இருந்தன. திருமுழுக்குக் கொடுத்தவரின் பெயரைப் பதிய வேண்டும் என்பது விதி. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவளின் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு பதிவேட்டில் தாய்க்குத் துணை நின்றவளின் பெயர் இல்லை. இன்னொரு பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லாமல் பிள்ளைக்கே இடமில்லை. இந்த இரண்டையும் நான் ஒரே கதையாகத்தான் படிக்கிறேன்.

*

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

மணலி புதுநகரை வெளியிலிருந்து வருபவர்கள் முதலில் மூக்கால்தான் அறிவார்கள். சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் சூழ்ந்த பகுதி. சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓய்வதே இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டியவர்கள் நிறையப் பேர். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். இங்கே அய்யா வைகுண்டரின் பதி இருக்கிறது, மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, மசூதி இருக்கிறது, சபைகள் இருக்கின்றன, நாங்களும் இருக்கிறோம்.

இந்த ஊரில் பங்கு வாழ்க்கை என்றால் என்ன? அன்பியக் கூட்டம். மாதம் ஒரு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து விவிலியம் வாசித்து, வாசித்த பகுதியைத் தங்கள் வாழ்வோடு சேர்த்துப் பேசி, டீ குடித்துக் கலைவது. எங்கள் அன்பியத்தில் வருபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். ஆண்கள் ஷிப்டில் இருப்பார்கள், அல்லது ஷிப்டு முடிந்து தூங்குவார்கள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிரசவம், எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை, எவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்குத் தெரியும். மறைக்கல்வி எடுப்பவர்கள் பெண்கள். பீடத்துத் துணி துவைப்பவர்கள் பெண்கள். மரியாயின் சேனை பெண்கள். நோயாளி வீட்டுக்கு முதலில் போவதும் அவர்கள்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருக்கள் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்து, எண்ணூர் மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்து, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் அன்பியத்துப் பெண்கள் சோறு பொங்கினார்கள். யார் வீட்டு மாடியில் அடுப்பு எரிகிறது என்று கேட்டு அங்கே அரிசி கொண்டு போனார்கள். சாப்பிட வந்தவரிடம் எந்தச் சாமி என்று கேட்கவில்லை. தகப்பன் பெயரும் கேட்கவில்லை. கிறிஸ்தவச் சமூகம் என்பதை நான் கண்ணால் கண்ட நாட்கள் அவை. யாராவது திருமுழுக்கின் பொருள் என்ன என்று கேட்டால் அந்த அடுப்பைத்தான் காட்டுவேன்.

வெள்ளம் வடிந்த பிறகு, நிவாரணத் தொகையை எப்படிப் பிரிப்பது என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மேடையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். எல்லாம் ஆண்கள். பெண்களுக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் போட்டார்களாம்.

"நீங்கதாம்மா கோயிலுக்குத் தூணு" என்பார்கள். தூணுக்கு என்ன வேலை? அசையாமல் நிற்க வேண்டும். பாரம் தாங்க வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. இந்தப் பாராட்டை இனி யாராவது சொன்னால், "தூணா இருந்தது போதும், கணக்கு நோட்டைக் கொடுங்க" என்று கேளுங்கள்.

அனுமதி இல்லை என்றும் சொல்ல முடியாது. 1994இலேயே பீடப் பணியில் சிறுமிகளும் சேரலாம் என்று உரோமை விளக்கம் தந்தது. பெரிய வியாழனில் பாதம் கழுவப்படுவோரில் பெண்களும் இருக்கலாம் என்று 2016இல் ஆணை வந்தது. 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் நிலையாக வழங்கும்படி சட்டமே திருத்தப்பட்டது. இந்திய ஆயர் பேரவை 2010இல் பாலினக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. உங்கள் பங்கில் யாராவது அதைக் கையில் வைத்துப் பார்த்ததுண்டா? உரோமையிலிருந்து கிளம்பும் அனுமதி எங்கள் தெருமுனைக்கு வந்து சேரும்போது "ஊர் ஒத்துக்காது" என்ற நான்கு சக்கர லாரியின் அடியில் சிக்கிவிடுகிறது.

*

மறுபடியும் அந்தக் கட்டத்துக்கு வருகிறேன்.

"ஒழுங்கு வேண்டாமா? பதிவேடு என்றால் விதி இருக்காதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் பேரவை உறுப்பினர். நியாயமான கேள்வி. விதியையே பார்ப்போம்.

குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க 868ஆம் பிரிவு கேட்பவை இரண்டு. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்க வேண்டும். அந்த அடிப்படை முற்றிலும் இல்லையென்றால் காரணத்தைச் சொல்லித் தள்ளிவைக்கலாம். பெற்றோருக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. 877ஆம் பிரிவு இன்னும் தெளிவு. மணமாகாத தாயின் குழந்தை என்றால், தாய்மை பொதுவில் தெரிந்ததாக இருந்தாலோ, அவளே விரும்பிக் கேட்டாலோ, தாயின் பெயரை எழுத வேண்டும். தகப்பன் பெயரை எழுதத்தான் ஆவணமோ, சாட்சிகள் முன்னிலையில் அவனது ஒப்புதலோ வேண்டும். அதாவது இந்த நிலைமை வரும் என்று சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. வழியும் வைத்திருக்கிறது. வழியை அடைத்தது விண்ணப்பத் தாள்.

போப் ஆவதற்கு முந்தைய ஆண்டு, 2012இல், புவெனஸ் அயர்ஸ் பேராயராக இருந்த பெர்கோலியோ, மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு மறுக்கும் குருக்களை வெளிவேடக்காரர்கள் என்று கடிந்துகொண்டார். 2014 ஜனவரியில், போப் பிரான்சிஸாக சிஸ்டைன் சிற்றாலயத்தில், கோயிலில் திருமணம் செய்துகொள்ளாத ஒரு தம்பதியின் குழந்தைக்கும் திருமுழுக்குக் கொடுத்தார். பிள்ளைகள் பசித்து அழுதால் அங்கேயே பாலூட்டும்படி தாய்மாரிடம் சொன்னதும் அன்றுதான். மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே தாய் பாலூட்டலாம். வடசென்னையில் ஒரு தாய் ஞாயிற்றுக்கிழமை முன்வாசல் வழியாக வரக்கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் வத்திக்கான் ஒரு விளக்கம் வெளியிட்டது. 'நாங்கள் திருமுழுக்குத் தருகிறோம்' என்று பன்மையில் சொல்லிக் கொடுத்தால் அது திருமுழுக்கே ஆகாது என்றது. கொடுப்பது கூடியிருக்கும் சமூகம் இல்லை, கிறிஸ்துவே என்பது காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பு கடுமையாகத்தான் பட்டது. ஆனால் பேரவையினரே, அதை ஏற்றுக்கொண்டீர்கள் என்றால் அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டும். கொடுப்பது நீங்கள் இல்லையென்றால், மறுப்பதற்கும் நீங்கள் யாருமில்லை.

*

விண்ணப்பத் தாளில் கேட்காத ஒரு கட்டமும் உண்டு. அது சாதி.

எங்கள் அன்பியத்தில் ஒரு அக்கா, பேத்தி பிறந்தபோது, என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "டீச்சரம்மா, நோட்டுல எழுதாம தண்ணி மட்டும் ஊத்துவாங்களா?" அவர் தலித். மருமகன் வீட்டார் ஆவணங்களில் இந்து. நான் தலித் இல்லை. கடற்கரைச் சாதியில் பிறந்தவள். அந்தக் கேள்வியை என் வாழ்நாளில் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

அவருக்குக் காரணம் இருந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் கிறிஸ்தவராகவே வாழ்கிறார் என்பதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற திருமுழுக்கு.

அரசு சொல்கிறது: தண்ணீர் விழுந்ததும் உன் சாதி போயிற்று. சரி, போயிற்றா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்த சுவரைக் கேளுங்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர்கள். பாமா 'கருக்கு' நூலை 1992இல் வெளியிட்டார். கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய ஒரு தலித் பெண் எழுதிய அந்தப் புத்தகத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கத்தோலிக்க மாணவியாவது வகுப்பு முடிந்து வந்து, "எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்கிறாள்.

சாதி போகவில்லை. சாதியால் கிடைக்கவேண்டிய பாதுகாப்பு மட்டும் போயிற்று. அந்த அக்காவின் பேத்தி இரண்டு பதிவேடுகளுக்கு நடுவில் பிறந்திருக்கிறாள். சட்டத்தை மாற்றக் கோரி நம் ஆயர்கள் குரல் கொடுக்கிறார்கள். 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையையும் வெளியிட்டார்கள். நல்லது. ஆனால் தில்லியை நோக்கி நீட்டும் விரலை அவரவர் கல்லறைச் சுவரை நோக்கியும் நீட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் வைகுண்டர் பதியைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் அந்த மனிதர் ஒரு கிணறு வெட்டச் செய்து, எல்லாச் சாதியாரும் அதே முத்திரிக் கிணற்றில் குளிக்க வைத்தார். அவருடைய சமயம் வேறு, என்னுடையது வேறு. ஆனால் தண்ணீருக்கு என்ன பொருள் என்பதில் அவர் குழம்பவில்லை. பகிர்ந்த தண்ணீர் என்றால் பகிர்ந்த மதிப்பு. நாங்கள்தான் தொட்டியைப் பகிர்ந்துகொண்டு மதிப்பைப் பிரித்து வைத்திருக்கிறோம்.

*

என் பெண்ணியத் தோழிகள் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். "இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறாய்? வெளியே வா." இன்னொருத்தி கேட்டாள்: "கைக்குழந்தையிடம் சம்மதம் கேட்காமல் தண்ணீர் ஊற்றுவதே வன்முறை இல்லையா?"

இரண்டாவது கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் கைக்குழந்தையிடம் சம்மதம் கேட்காமல்தான் மொழியும் கொடுக்கிறோம், பெயரும் கொடுக்கிறோம், சாதியும் கொடுக்கிறோம். கொடுப்பது எது, வளர்ந்தபின் அதை மறுக்கவும் மாற்றவும் அவளுக்கு இடம் உண்டா என்பதைத்தான் கேட்க வேண்டும். என் மகள் பதினாறு வயதில் பூசைக்கு வருவதை நிறுத்தினாள். நான் இழுத்துப் போகவில்லை.

முதல் கேள்விக்கு என் பதில் இது. ஆச்சி தண்ணீர் ஊற்றிய வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொல்கிறீர்கள். அங்கே அதிகாரம் செய்பவர்களை ஏன் போகச் சொல்வதில்லை? வெளியேறிய பெண்களைக் குறை சொல்லமாட்டேன். பாமாவின் புத்தகத்தைப் படித்த யாருக்கும் அந்த உரிமை இல்லை. ஆனால் வெள்ளத்தில் அடுப்பு மூட்டிய பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் கையில் இருப்பது என்னவென்று தெரியவேண்டும். பட்டா நம் பெயரில் இருக்கும்போது நாம் ஏன் வாடகைக்கு இருப்பதுபோல் பேச வேண்டும்?

ஆகவே சலுகை எதுவும் கேட்கவில்லை. கேட்பவை சின்னவை. விண்ணப்பத் தாளிலிருந்து திருமணம் பற்றிய கட்டங்களை எடுத்துவிடுங்கள்; தகப்பன் பெயரைச் சொல்வதும் விடுவதும் தாயின் விருப்பமாக இருக்கட்டும். சந்தா பாக்கிக்காக எந்தக் குழந்தையையும் காக்க வைக்காதீர்கள். திருமுழுக்கு ஞாயிறு திருப்பலியில், எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கட்டும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே பாட்டு, ஒரே மணி. பேரவையிலும் நிதிக்குழுவிலும் பாதி இடம் பெண்களுக்கு. அதில் தலித் பெண்களுக்கு உறுதியான இடம். பேரவைக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு என்று சட்டத்தைக் காட்டுவீர்கள். தெரியும். ஆலோசனையையாவது எங்களிடமும் கேளுங்கள்.

இவற்றில் எதற்கும் உரோமைக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஆயருக்குக்கூட எழுத வேண்டாம். ஒரு பங்குத்தந்தையும் ஒரு ஜெராக்ஸ் கடையும் போதும்.

அந்தக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது, தாயையும் பாட்டியையும் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு அழைத்தேன். அவர்கள் வேறு பங்கு, ஆனாலும் வந்தார்கள். முறை என் வீட்டுடையது. மழை நாள். பதினாலு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வாசகம் வாசித்து முடித்ததும், யாரும் சொல்லாமலே, திருமுழுக்கு அன்று பாடாமல் விட்ட பாட்டை அந்த அக்கா எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் பாடினார்கள். குழந்தை பயந்துபோய் வீறிட்டு அழுதது. செவ்வாய்க்கிழமை காலை அழாத குழந்தை.

"இப்பதான் சரியா அழுவுது" என்றார் அதன் பாட்டி.

அடுத்த மாதம் எங்கள் பங்கின் விண்ணப்பத் தாளை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதிலும் அந்தக் கட்டங்கள் இருக்கின்றன. அன்பியத்தில் எல்லோரும் படித்துப் பார்த்தோம். சிவப்புப் பேனாவால் எவற்றை அடிக்க வேண்டும் என்று குறித்து, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத இரண்டு பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்களையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன், முழுப் பெயராக. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். முன்வாசல் வழியாக.